கொடுப்பதும் பெறுவதும்: எடிட்டர் பிளகின்கள் தரும் பாடம்

(கணிப்பொறி ஆசிரியை)

முன்னுரை



காய்ச்சலால் இரண்டு நாள் பள்ளிக்கு வராத ஒருத்தி, தோழியின் வேதியியல் நோட்டை வாங்கி எழுதிக்கொள்கிறாள். அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கி எழுதுகிறாள். அவளிடமிருந்து வேறொருத்தி. மறுநாள் ஆசிரியை வகுப்பில், "நேற்று எழுதிய சமன்பாட்டில் ஓர் எண் தவறாகிவிட்டது, திருத்திக்கொள்ளுங்கள்" என்கிறார். வகுப்பில் இருந்தவர்கள் திருத்திக்கொள்கிறார்கள். நோட்டோ மூன்று கை மாறிப் போய்விட்டது! கடைசியாக எழுதிய பெண்ணுக்கு யார் சொல்வது? அவள் தவறான சமன்பாட்டையே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வருவாள். மதிப்பெண் குறைந்ததும், தான் சரியாகப் படிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள்.

கணிப்பொறி உலகிலும் இதே சிக்கல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஒருவர் எழுதிய பயனுள்ள சிறு நிரலைப் பலர் பெற்றுக்கொள்கிறார்கள். எழுதியவர் பிறகு அதில் ஒரு பிழையைக் கண்டு திருத்துகிறார். அந்தத் திருத்தம் மற்றவர்களை எப்படிச் சென்றடைவது? வந்து சேர்ந்தது உண்மையிலேயே அவர் அனுப்பியதுதானா? திருத்தமே புதிய பிழையைக் கொண்டுவந்தால் பழையதற்கு எப்படித் திரும்புவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் அறிஞர்கள் எவ்வாறு விடை தேடினார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எடிட்டரும் பிளகினும்

கடிதமும் கட்டுரையும் அழகாக அச்சிட உதவும் மென்பொருளை நீங்கள் அறிவீர்கள். டெக்ஸ்ட் எடிட்டர் அதனினும் எளிமையானது. எழுத்தின் அளவு, நிறம் முதலிய அலங்காரங்களைக் கோப்பில் சேர்க்காமல், வெறும் எழுத்துகளை மட்டும் எழுதவும் திருத்தவும் அது பயன்படுகிறது. நிரல் எழுதுவோருக்கு அதுவே பேனா, அதுவே நோட்டு.

இவற்றுள் புகழ்பெற்ற இரண்டு, ஈமாக்ஸ், விம் என்பவை. ஈமாக்ஸ் 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் பிறந்தது. அதே 1976-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்பவர் 'விஐ' என்னும் எடிட்டரை எழுதத் தொடங்கினார். அதன் வழிவந்ததே நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம். 2015-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட வி.எஸ். கோட் இவற்றுக்குப் பிந்தியது.

எடிட்டரை எழுதியவர் எல்லாருடைய தேவையையும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. ஆகவே, பிறர் எழுதிய சிறு நிரல்களை உள்ளே செருகிக்கொள்ள இடம் விட்டு வைக்கிறார். அவ்வாறு செருகப்படுவதே பிளகின். தமிழில் இதைச் செருகுநிரல் என்பர். தையல் இயந்திரத்தில் ஜிப் வைப்பதற்கும், ஓரம் மடிப்பதற்கும் தனித்தனிப் பாதங்களை மாட்டுகிறோம் அல்லவா? இயந்திரம் ஒன்றுதான், மாட்டும் பாதத்தைப் பொறுத்து வேலை மாறுகிறது. எழுத்துப்பிழை காட்டுவது, அடைப்புக்குறிகளைத் தானே மூடுவது, வரிகளை ஒழுங்காக அடுக்குவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிளகின் உண்டு.

நம் ஆய்வகத்தில் நடந்தது

இனி, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, செய்முறைத் தேர்வுக்கான பைத்தான் நிரலைத் திங்கட்கிழமை 4-ஆம் எண் கணிப்பொறியில் எழுதத் தொடங்கினாள். வியாழக்கிழமை அந்த இருக்கையில் வேறொருத்தி இருந்ததால், 9-ஆம் எண் கணிப்பொறியில் அதே கோப்பைத் திறந்து மீதியை எழுதினாள். நிரல் ஓடவில்லை. வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை என்று கணிப்பொறி சொன்னது. பைத்தான் மொழியில் அந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவள் எத்தனை முறை பார்த்தும் எல்லா வரிகளும் நேராகவே இருந்தன. கடைசிப் பகுதியை மூன்று முறை அழித்து எழுதினாள். மணி அடித்தது. நான் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று மாலை அவளுடைய கோப்பை நானே திறந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று விம் எடிட்டரில் உண்டு. அதைக் கொடுத்தவுடன் காரணம் விளங்கிவிட்டது. முதற்பாதி வரிகளில் இடைவெளியாக இருந்தது 'டேப்' குறி. பிற்பாதியில் இருந்தவை நான்கு நான்கு வெற்றிடங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பைத்தான் இரண்டையும் கலக்க விடாது.

அவள் அப்படி எழுதவில்லை. புதிய வரி தொடங்கும்போது இடைவெளியைத் தானே இட்டுத்தரும் பிளகின் ஒன்றை நான்தான் எல்லாக் கணிப்பொறிகளிலும் போட்டிருந்தேன். ஒரே நாளில் போடவில்லை. இரண்டு ஆண்டுகளில், அவ்வப்போது கையில் கிடைத்த பிரதியைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று நகல் எடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தபோது, 12 கணிப்பொறிகளில் ஐந்தில் மிகப் பழைய பதிப்பும், நான்கில் இடைப்பட்ட பதிப்பும், மூன்றில் புதிய பதிப்பும் இருந்தன. பழையது டேப் இட்டது. புதியது வெற்றிடம் இட்டது. கவனக்குறைவு என்னுடையது, சிவப்பு மை அவளுடைய நோட்டில்!

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் வருத்தம் தெரிவித்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. இதே போன்ற சிக்கலில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று படிக்கத் தொடங்கினேன்.

கையால் கொடுத்த காலம்

வியப்பு என்னவென்றால், ஈமாக்ஸ் பிறந்த கதையே நம் ஆய்வகத்தின் கதைதான். அந்த அமெரிக்க ஆய்வகத்தில் 'டெக்கோ' என்ற எடிட்டரை எல்லாரும் பயன்படுத்தி வந்தார்கள். அதற்கு 'மேக்ரோ' எனப்படும் சிறு கட்டளைத் தொகுப்புகளை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய ஏற்பாடு மற்றவருக்குப் புரியாத நிலை வந்துவிட்டது. கை ஸ்டீல் என்பவர் இத்தொகுப்புகளை ஒன்றுபடுத்தும் வேலையைத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வளர்த்து நிறைவு செய்தார். 'எடிட்டர் மேக்ரோக்கள்' என்பதன் சுருக்கமே ஈமாக்ஸ் என்னும் பெயர். அதைப் பெறுவோர், தாம் செய்யும் திருத்தங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவை எல்லாருக்கும் வழங்கப்படும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. கொடுப்பவர் பெறவும், பெறுபவர் கொடுக்கவும் வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. 1985-இல் ஸ்டால்மன் புதிதாக எழுதிய குனூ ஈமாக்ஸ் இன்றும் பயனில் இருக்கிறது. தமிழ் தட்டச்சு முறைகள்கூட அதனுடனேயே வருகின்றன.

விம் எடிட்டரிலும் தொடக்கத்தில் எல்லாம் கைவேலையே. பிளகினின் ஒரு கோப்பை ஓர் அடைவிலும், அதன் விளக்கக் கோப்பை வேறோர் அடைவிலும், வண்ணம் காட்டும் கோப்பை மற்றோர் அடைவிலும் வைக்க வேண்டும். பத்துப் பிளகின்களின் கோப்புகள் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். ஒன்றை நீக்க வேண்டுமானால் எந்தக் கோப்பு எதனுடையது என்று தேட வேண்டும். 2008-இல் டிம் போப் என்பவர் வெளியிட்ட 'பேத்தோஜன்' என்ற பிளகின் இதற்கு ஓர் எளிய வழி செய்தது. ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு தனி அடைவு. வேண்டாம் என்றால் அந்த அடைவை மட்டும் நீக்கினால் போதும். மளிகைச் சாமான்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பது போல! 2016-இல் வந்த விம் 8 பதிப்பு இம்முறையைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது.

ஒரே கடையில் பெறும் காலம்

அடுத்த படி, தேடி அலையாமல் ஓரிடத்தில் பெறுவது. ஈமாக்ஸுக்காக டாம் ட்ரோமி என்பவர் 'எல்பா' என்ற பொதுக் களஞ்சியத்தையும், அதிலிருந்து பிளகின்களைப் பெற்றுத் தரும் நிரலையும் 2007-இல் உருவாக்கினார். 2012-இல் வெளியான ஈமாக்ஸ் 24 அந்த நிரலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பயன்படுத்துபவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்; மீதியை எடிட்டரே பார்த்துக்கொள்ளும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒரு பிளகின் இன்னொரு பிளகினைச் சார்ந்து இருக்கலாம். இட்லி மாவு வேண்டுமென்றால் அரிசியும் உளுந்தும் இருந்தாக வேண்டும் அல்லவா? ஆகவே ஈமாக்ஸ் பிளகினின் தலைப்பகுதியில், இது இயங்க எவை எவை தேவை, எந்தப் பதிப்பு முதல் தேவை என்று எழுதி வைக்கிறார்கள். எடிட்டர் அதைப் படித்துத் தேவையானவற்றையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

இன்று ஈமாக்ஸுக்குப் பல களஞ்சியங்கள் உள்ளன. 'மெல்பா' என்பதில் 5,000-க்கும் மேற்பட்ட பிளகின்கள் கிடைக்கின்றன. புதிதாகச் சேரும் பிளகினை அங்குள்ள தொண்டர்கள் படித்துப் பார்த்தே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால், ஏற்றபின் ஆசிரியர் செய்யும் மாற்றங்கள் தானாகவே வெளியாகின்றன. பதிப்பு எண்ணாக நாளும் நேரமும் இடப்படும். பழச்சந்தைபோல, வந்த சரக்கு வந்தவுடனே விற்பனைக்கு! ஆசிரியர் 'இது முடிந்த பதிப்பு' என்று முத்திரையிட்டவற்றை மட்டும் தரும் 'மெல்பா ஸ்டேபிள்' என்ற பிரிவும் உண்டு. விரைவு வேண்டுவோர் முன்னதையும், நிதானம் வேண்டுவோர் பின்னதையும் நாடலாம். குனூ அமைப்பின் களஞ்சியமோ தன் பிளகின்களில் மின்கையொப்பம் இட்டு அனுப்புகிறது. வழியில் யாராவது கை வைத்திருந்தால் கையொப்பம் பொருந்தாது.

விரைவிலும் விபத்து உண்டு

எல்லாம் தானாகவே புதுப்பிக்கப்பட்டால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் நல்லதே. பிழையும் பாதுகாப்புக் குறையும் உள்ள பழைய பதிப்பை வைத்திருப்பது ஆபத்து. ஆனால், திறந்த கதவு வழியாகத் தென்றலும் வரும், திருடனும் வருவான்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. வி.எஸ். கோட் போன்ற எடிட்டர்களுக்கான பிளகின்களை வழங்கும் 'ஓப்பன் வி.எஸ்.எக்ஸ்' களஞ்சியத்தில் இருந்த சில பிளகின்களின் புதிய பதிப்புகளில் தீய நிரல் புகுத்தப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'கிளாஸ்வார்ம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். திரையில் தெரியாத யூனிகோடு எழுத்துகளில் அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. படித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு வெற்றுவரிதான் தெரியும். அது நிரலாளர்களின் கடவுச்சொற்களையும் அனுமதிச் சாவிகளையும் திருடி, அவர்களுடைய பிளகின்களிலும் புகுந்து பரவ முயன்றது. தானே புதுப்பித்துக்கொள்ளும் எடிட்டர்கள் அதை யாரையும் கேட்காமல் உள்ளே விட்டன. நம் மாணவியின் கோப்பிலிருந்த டேப் குறி யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல; இது வேண்டுமென்றே வைத்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. எடிட்டர் பிளகின்களைப் போலவே சிறு நிரல்களைப் பகிரும் 'என்.பி.எம்.' என்ற களஞ்சியத்திலிருந்து, 2016 மார்ச் மாதம் ஓர் ஆசிரியர் தம் நிரல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றுள் 'லெஃப்ட்-பேட்' என்ற ஒன்று வெறும் 11 வரிகள் கொண்டது. ஆனால் எத்தனையோ பெரிய மென்பொருள்கள் நேராகவும் சுற்றிவளைத்தும் அதைச் சார்ந்திருந்தன. அவற்றை உருவாக்கும் வேலை உலகெங்கும் தடைப்பட்டது. கொடுத்ததைத் திரும்ப எடுப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்று களஞ்சியத்தார் அதன்பின் விதிகளை மாற்றினார்கள்.

நல்ல முறைக்கு ஆறு விதிகள்

இவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய விதிகளைத் தொகுத்துத் தருகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. மூலம் ஒன்றாக இருக்க வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுக்கலாகாது. எல்லாரும் ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுத்தால், ஊற்றைச் சுத்தம் செய்தால் போதும்.

2. பதிப்பு எண் பொருளுடையதாக இருக்க வேண்டும். 2.4.1 என்று எழுதும் வழக்கத்தில், பழைய பயன்பாடு மாறிப்போகுமானால் முதல் எண் உயரும். புதிய வசதி சேர்ந்தால் இரண்டாம் எண். பிழை மட்டும் திருத்தப்பட்டால் மூன்றாம் எண். எண்ணைப் பார்த்தவுடனே எவ்வளவு எச்சரிக்கை தேவை என்று தெரிய வேண்டும்.

3. என்ன மாறியது என்பதை மனிதர் படிக்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். 'சில திருத்தங்கள்' என்று மட்டும் எழுதுவது, மருந்துச் சீட்டில் 'ஒரு மாத்திரை' என்று மட்டும் எழுதுவதற்குச் சமம். 'இனி டேப் இடாது, வெற்றிடம் இடும்' என்ற ஒரு வரியை நான் படித்திருந்தால் ஒரு பெண்ணின் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

4. எது நிறுவப்பட்டுள்ளது என்பதற்குத் துல்லியமான பதிவு வேண்டும். விம் வழிவந்த நியோவிம் எடிட்டருக்கான 'லேஸி' என்ற பிளகின் மேலாளர், ஒவ்வொரு பிளகினின் சரியான நிலையையும் ஒரு பூட்டுக் கோப்பில் குறித்து வைக்கிறது. பெயரை மட்டும் குறிக்காமல், 40 எழுத்துகளும் எண்களும் கொண்ட கைரேகை ஒன்றையும் குறிக்கிறது. பிளகினில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். அந்தக் கோப்பு இருந்தால் இன்னொரு கணிப்பொறியிலும் அதே நிலையை அப்படியே அமைக்கலாம்.

5. முதலில் ஓரிடத்தில் சோதித்துப் பிறகே எல்லா இடத்திலும் பரப்ப வேண்டும். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பது நம் வீட்டுப் பழக்கம்தானே?

6. திரும்பும் வழி இருக்க வேண்டும். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தால், புதியதில் குறை கண்டவுடன் திரும்பலாம்.

நம் ஆய்வகத்தில் இப்போது இவ்விதிகளைப் பின்பற்றுகிறோம். என் மேசைக் கணிப்பொறியில் ஒரே ஒரு பொது அடைவு இருக்கிறது. மற்ற எல்லாக் கணிப்பொறிகளும் அதிலிருந்தே பிளகின்களைப் பெறுகின்றன. பென் டிரைவுக்கு வேலையில்லை. முதல் மேசையில் நூல் கட்டித் தொங்கும் பதிவேட்டில், பிளகினின் பெயர், பதிப்பு எண், வந்த இடம், நாள், போட்டவர் கையொப்பம் என்று ஐந்து பத்திகள். பதினொன்றாம் வகுப்பு மாணவியர் இருவர் அதன் பொறுப்பாளர்கள். புதிய பதிப்பு எதுவும் 1-ஆம் எண் கணிப்பொறியில் ஒரு வாரம் இருந்த பிறகே மற்றவற்றுக்குப் போகும். ஒருமுறை அப்படி வந்த பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சிதைத்துக் காட்டியது. பழைய எண் பதிவேட்டில் இருந்ததால் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். மற்ற 11 கணிப்பொறிகளில் வேலை செய்தவர்களுக்கு நடந்ததே தெரியாது.

கொடுப்பவரையும் நினைப்போம்

பெறுபவரின் பாதுகாப்பைப் பற்றியே பேசிவந்தோம். கொடுப்பவரின் நிலை என்ன? பிளகின் எழுதுவோரில் பலர் ஊதியமின்றி, இரவில் வீட்டு வேலைகள் முடிந்தபின் எழுதுகிறார்கள். பயன்படுத்துவோர் பல்லாயிரம், பழுது பார்ப்பவர் ஒருவர். அவருக்கு உடல்நலம் குன்றினாலோ, வேலை மாறினாலோ, பிளகின் அநாதையாகிவிடும். ஆகவே, தமக்குப்பின் யார் என்பதை முன்கூட்டியே எண்ணி வைப்பதும் நல்ல முறையின் ஒரு பகுதி. பிழை கண்டால் கோபித்து எழுதாமல், எந்தப் பதிப்பில், எந்தச் செயலைச் செய்தபோது வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புவதும் ஓர் உதவியே. ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

விம் எடிட்டரின் ஆசிரியர் பிராம் மூலனார் 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள் காலமானார். ஏறத்தாழ 32 ஆண்டுகள் அவர் அதைப் பேணி வந்தார். அவருடன் பணியாற்றியவர்கள் பொறுப்பேற்று, 2024 ஜனவரியில் விம் 9.1 பதிப்பை வெளியிட்டு, அதை அவருடைய நினைவுக்கே உரித்தாக்கினார்கள். வேலை நிற்கவில்லை.

அவர் தம் எடிட்டருக்கு விலை வைக்கவில்லை. உகாண்டா நாட்டின் கிபாலே என்ற ஊரில் உள்ள குழந்தைகள் மையத்தில் அவர் ஓராண்டு தொண்டாற்றியவர். விம் உங்களுக்குப் பயன்பட்டால், அந்த ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதே அவர் கேட்ட ஒரே கைம்மாறு. விம் எடிட்டரைத் திறந்தவுடன் தோன்றும் முதல் திரையிலேயே அந்த வேண்டுகோளை எழுதி வைத்தார்.

முடிவுரை

பகிர்வது எளிது, பகிர்ந்ததற்குப் பொறுப்பேற்பதே கடினம். கொடுப்பவர், என்ன கொடுத்தேன், அதில் என்ன மாற்றினேன் என்று சொல்லக் கடமைப்பட்டவர். பெறுபவர், யாரிடமிருந்து, எதை, எப்போது பெற்றேன் என்று குறித்து வைக்கக் கடமைப்பட்டவர். பெற்றோர்களே, உங்கள் கைப்பேசியில் 'புதுப்பிக்கவும்' என்ற அறிவிப்பு வரும்போதும் இதையே நினைவில் கொள்ளுங்கள்: உரிய கடையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள், உரியதானால் தள்ளிப்போடாதீர்கள்.

மாணவியரே, அடுத்த முறை தோழிக்கு நோட்டைக் கொடுக்கும்போது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்கள் நோட்டில் ஒரு பிழையைத் திருத்தும் நாளில், அவளைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.